கால் கிலோ கிஸ்மிஸ் எத்தனை கப்? உலர்பழ அளவுகளை மாற்றும் வழி

பலசரக்குக் கடைக்குப் போய், "அண்ணாச்சி, கிஸ்மிஸ் ஒன்றரை கப் குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். "கப்புக் கணக்கெல்லாம் நம்மகிட்ட கிடையாதும்மா. நூறு கட்டவா, கால் கிலோ கட்டவா?" என்று தாளைக் கிழித்துக்கொண்டே கேட்பார். நெல்லை டவுன் ரத வீதியிலும் இதே பதில்தான், பாளையங்கோட்டை மார்க்கெட்டிலும் இதே பதில்தான். கடையில் கிராம். செல்போனில் பார்க்கிற சமையல் குறிப்பில் கப். வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய கேக் நோட்டில் ராத்தல், அவுன்ஸ். ஆச்சியிடம் கேட்டால் உழக்கு. கிறிஸ்துமஸுக்கு முதல்முறை கேக் போடப்போகிறவர், பெருநாளுக்குப் பேரீச்சை அல்வா கிண்டப்போகிறவர், புதிதாகத் தனிக்குடித்தனம் வந்து பாயசத்தில் கை வைக்கிறவர் எல்லாரும் முதலில் முட்டிக்கொண்டு நிற்பது இங்கேதான்.

கணக்கு பெரிதாக ஒன்றும் இல்லை. ஓர் எண் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது: 0.6.

கிஸ்மிஸ், பொடியாக நறுக்கிய பேரீச்சை, உலர்ந்த அத்தி இந்த மூன்றையும் அழுத்தாமல் ஒரு பாத்திரத்தில் தலைதட்டிப் போட்டால், அந்தப் பாத்திரம் எத்தனை மில்லி கொள்ளுமோ அதில் பத்தில் ஆறு பங்கு கிராம்தான் எடை இருக்கும். 100 மில்லி கிண்ணத்தில் 60 கிராம், 250 மில்லி கப்பில் 150 கிராம். திருப்பிப் போடுவதென்றால் கிராமை 5-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்துவிடுங்கள். கால் கிலோ, அதாவது 250 கிராமை ஐந்தால் பெருக்கினால் 1,250. மூன்றால் வகுத்தால் 417 மில்லி. 240 மில்லி கப்பில் அது ஒன்றே முக்கால் கப்.

ஏன் இப்படி என்று கேட்டால், பழம் லேசு என்பதால் அல்ல. ஒரு கிஸ்மிஸைத் தண்ணீரில் போட்டால் அடியில் போய் உட்காரும். தண்ணீரைவிடக் கனமான பொருள்தான் அது. கப்புக்குள் பழத்துக்கும் பழத்துக்கும் நடுவே காற்று இருக்கிறது. கப்பில் அளக்கும்போது பழத்தோடு சேர்த்து அந்தக் காற்றையும்தான் அளக்கிறோம். பழம் உருண்டையா, சப்பையா, நறுக்கியதா, முழுசா, காய்ந்து உதிரியாக இருக்கிறதா, பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதைப் பொறுத்துக் காற்று கூடும், குறையும். தராசுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. இரண்டில் ஒன்றை நம்பச் சொன்னால் நான் எப்போதும் தராசு பக்கம்தான் நிற்பேன்.

முதல் வேலை: உங்கள் பாத்திரத்துக்கு எத்தனை மில்லி?

கப் என்றால் எந்தக் கப்? அமெரிக்கக் குறிப்புகளில் வருவது 240 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. ஆஸ்திரேலியாவில் 250. இங்கே கடையில் வாங்கும் அளவுக் கப் செட்டுகளில் இரண்டும் உண்டு. கைப்பிடியிலோ அடியிலோ எண் பொறித்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். உலர்பழத்தைப் பொறுத்தவரை 240-க்கும் 250-க்கும் ஐந்தாறு கிராம்தான் வித்தியாசம், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது வீட்டு எவர்சில்வர் டம்ளரைப் பற்றித்தான். காபி டம்ளர், தண்ணீர் டம்ளர், கல்யாண வீட்டில் கொடுத்த டம்ளர் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு கொள்ளளவு. "ஒரு டம்ளர் கிஸ்மிஸ்" என்று யாராவது சொன்னால் எந்த டம்ளர் என்று கேட்காமல் கிளம்பாதீர்கள்.

எலக்ட்ரானிக் தராசு இருந்தால் காரியம் சுலபம். வெறும் டம்ளரைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் பொத்தானை அழுத்துங்கள். விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் டம்ளரின் மில்லி; தண்ணீருக்கு ஒரு மில்லி ஒரு கிராம். டம்ளரை நன்றாகத் துடைத்துவிட்டு அடியில் அந்த எண்ணை பெர்மனன்ட் மார்க்கரால் எழுதிவையுங்கள்.

தராசு இல்லையா? அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று போதும். புது பாட்டிலைத் திறந்து டம்ளரில் ஊற்றிக்கொண்டே வாருங்கள். சரியாக மூன்று டம்ளர் வந்தால் ஒரு டம்ளர் 167 மில்லி. இரண்டரை வந்தால் 200. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பால் புட்டியில் மில்லிக் கோடு போட்டிருக்கும், அதுவும் நல்ல அளவுகோல்.

இன்னொரு வழி, கணக்கே பிடிக்காதவர்களுக்கு. எடை அச்சிட்ட 100 கிராம் கிஸ்மிஸ் பாக்கெட் ஒன்று வாங்குங்கள். பாக்கெட்டில் நிகர எடை போட வேண்டும் என்பது சட்டம், எனவே எண் கண்டிப்பாக இருக்கும். அதை அப்படியே டம்ளரில் கொட்டி, லேசாக ஒரு தட்டுத் தட்டி, எந்த உயரத்துக்கு வருகிறது என்று வெளியே ஒரு கோடு போடுங்கள். உங்கள் வீட்டில் 100 கிராம் கிஸ்மிஸ் அதுதான். எந்த அட்டவணையையும்விட இது துல்லியம், ஏனென்றால் நீங்கள் வாங்கும் பழத்தையே உங்கள் டம்ளரிலேயே போட்டுப் பார்த்தது.

உழக்கும் ஆழாக்கும்

நம் பக்கத்து வீடுகளில் அரிசிக்கு இன்னும் உழக்கு புழங்குகிறது. பரவலாகச் சொல்லப்படும் கணக்கில் ஆழாக்கு 168 மில்லி, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு 336 மில்லி, நான்கு உழக்கு ஒரு படி 1,344 மில்லி. இப்போது அந்த 0.6-ஐக் கொண்டுவந்து பெருக்குங்கள். ஓர் ஆழாக்கு கிஸ்மிஸ் 100 கிராம், ஓர் உழக்கு 200 கிராம், ஒரு படி 800 கிராம். ஒரு கிலோ வேண்டுமென்றால் ஒன்றேகால் படி. யாரோ உலர்பழத்துக்காகவே அடித்துவைத்த பாத்திரம்போலக் கணக்கு வந்து விழுகிறது. மேல்நாட்டுக் கப்பைத் தேடி அலைவதற்கு முன் அடுப்படி அலமாரியில் பித்தளை உழக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. படி ஊருக்கு ஊர் மாறும். ஒரு வீட்டு உழக்கும் அடுத்த வீட்டு உழக்கும் ஒன்றாக இருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை, அடி நசுங்கியதும் உண்டு. மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையை அதற்கும் ஒருமுறை செய்துவிடுங்கள். அளக்கும்போது தலைதட்டித்தான் அளக்க வேண்டும். அரிசி அளக்கிற பழக்கத்தில் கோபுரமாகக் குவித்துவிட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

அழுத்தினால் எவ்வளவு கூடும்?

240 மில்லி கப்பில் கிஸ்மிஸை உதிரியாகப் போட்டால் 145 கிராம். அதே கப்பில் கையால் அழுத்தி நிரப்பினால் 165 கிராம். இருபது கிராம் வித்தியாசம். ஏழு பங்குக்கு ஒரு பங்கு கூடுதல். பாயசத்துக்கு இது ஒரு பொருட்டே அல்ல. கேக்குக்குப் பொருட்டுதான், மூன்று நான்கு கப் சேரும் இடத்தில் ஏறக்குறைய அரைக் கப் கூடிவிடும். பழம் கூடினால் மாவு தாங்காது. துண்டு போடும்போது உதிரும். குறிப்பில் "அழுத்தி" என்று சொல்லாதவரை அழுத்தாதீர்கள். கரண்டியால் அள்ளிக் கப்பில் போட்டு, மேலே ஒரு கத்தி முதுகால் தள்ளிவிட்டால் போதும்.

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கிஸ்மிஸ் டப்பாவைத் திறந்தால் எல்லாம் ஒட்டிக் கட்டியாகக் கிடக்கும். கேக்குக்கு வாங்குகிற காலமும் அதுதான். கட்டியோடு கப்பில் போட்டால் ஒரு பக்கம் இறுகலாகவும் மறுபக்கம் ஓட்டையாகவும் விழும், அளவு நிற்காது. ஒரு கரண்டி மைதாவைத் தூவி விரலால் உதிர்த்துவிட்டு அளங்கள். அந்த மைதாவைக் கேக் மாவிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். கேக்கில் பழம் அடியில் போய்த் தங்காமல் இருப்பதற்கும் இதே மைதா உதவுவதாகப் பலர் சொல்வார்கள். என் கருத்தில் மாவு கெட்டியாக இருந்தால்தான் பழம் நிற்கும், மைதா தூவுவது பாதி ஆறுதலுக்கு.

மற்ற பழங்கள்

எல்லாப் பழத்துக்கும் 0.6 பொருந்தாது. 240 மில்லி கப்பில், அழுத்தாமல், ஏறக்குறைய இப்படி வரும்:

கிஸ்மிஸ் 145 கிராம்
நறுக்கிய பேரீச்சை (விதை நீக்கியது) 147 கிராம்
உலர்ந்த அத்தி 149 கிராம்
பாதியாகப் பிளந்த உலர் ஆப்ரிகாட் 130 கிராம்
உலர் கிரான்பெர்ரி 120 கிராம்
விதை நீக்கிய ப்ரூன் (உலர்ந்த பிளம்) 174 கிராம்
முழுப் பாதாம் 143 கிராம்
முந்திரி 137 கிராம்

கடைசி இரண்டும் பழம் அல்ல, ஆனால் கேக்குக்கும் பாயசத்துக்கும் கிஸ்மிஸ் வாங்குகிற கையோடு இவற்றையும் வாங்குவதால் சேர்த்துவிட்டேன். ஆப்ரிகாட்டும் கிரான்பெர்ரியும் சப்பையாகவோ சுருங்கியோ இருப்பதால் நடுவே காற்று அதிகம், எடை குறைவு. ப்ரூன் ஈரமும் மெதுமெதுப்பும் கூடியது, தானாகவே அமுங்கிக்கொள்ளும். கறுப்புக் கிஸ்மிஸுக்கும் மஞ்சள் கிஸ்மிஸுக்கும் தனிக் கணக்கு வேண்டாம். டூட்டி ஃப்ரூட்டி சர்க்கரைப் பாகில் ஊறிய பப்பாளிக்காய். பாகு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்துக் கடைக்குக் கடை எடை மாறும், அதைத் தராசில் மட்டும் போடுங்கள்.

சின்ன அளவுகளுக்கு: அளவு செட்டில் உள்ள மேசைக்கரண்டி 15 மில்லி, அதில் கிஸ்மிஸ் 9 கிராம். தேக்கரண்டியில் 3 கிராம். எண்ணிப் போடுகிறவர்களுக்கு, 50 கிஸ்மிஸ் 26 கிராம் அளவில் வரும், அதாவது ஒரு கிஸ்மிஸ் அரை கிராம். நெய்யில் வறுத்துப் பாயசத்தில் போட ஆளுக்குப் பத்து என்று கணக்கு வைத்தால் பத்துப் பேருக்கு 50 கிராம் பொட்டலம் சரியாக இருக்கும்.

சர்க்கரை நோயாளிகள் வீட்டில் இருந்தால் இந்தச் சின்னக் கணக்குக்கு மதிப்பு கூடுகிறது. கிஸ்மிஸின் எடையில் பத்தில் ஆறு பங்கு சர்க்கரை. ஒரு மேசைக்கரண்டி கிஸ்மிஸ் தின்றால் ஐந்து கிராமுக்குக் கொஞ்சம் மேலே சர்க்கரை உள்ளே போகிறது. "கைப்பிடி" என்று சொல்லிக்கொண்டு அளந்தால் அது மூன்று மேசைக்கரண்டிக்குக் குறையாது.

பேரீச்சையில் கவனிக்க வேண்டியவை

ரமலான் மாதத்தில் மேலப்பாளையத்துக் கடைகளில் பேரீச்சை ரகம் ரகமாக வந்து இறங்கும். அப்போது வாங்கிவைத்து அல்வாவோ கேக்கோ செய்கிறவர்கள் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

குறிப்பில் சொல்லும் எடை எப்போதும் விதை நீக்கிய எடை. கடையில் வாங்குவது பெரும்பாலும் விதையோடு. ரகத்தைப் பொறுத்து மாறும் என்றாலும், விதை பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது. 200 கிராம் சதை வேண்டுமென்றால் 225 கிராம் வாங்குங்கள்.

எண்ணிக்கையில் சொல்லும் குறிப்புகளை நம்பி இறங்காதீர்கள். மெஜூல் என்ற பெரிய ரகத்தில் விதை நீக்கிய ஒரு பழமே 24 கிராம் இருக்கும். டெக்லெட் நூர் போன்ற சிறிய ரகத்தில் 7 கிராம்தான். "பேரீச்சை 12" என்று குறிப்பில் இருந்தால் ஒருவருக்கு 84 கிராமும் இன்னொருவருக்கு 288 கிராமும் சட்டியில் விழும். இரண்டும் ஒரே அல்வா ஆகாது.

மூன்றாவது, விதையெடுத்துக் கட்டியாக அழுத்தி விற்கும் பேரீச்சை. அதைக் கப்பில் அளப்பது வீண் வேலை. எடையைப் பார்த்துத் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். அரைத்த விழுதும் அப்படித்தான். அரைத்ததும் காற்றெல்லாம் போய்விடுவதால் ஒரு கப் நறுக்கிய பேரீச்சையும் ஒரு கப் பேரீச்சை விழுதும் எடையில் வெகு தூரம். அரைக்கும்முன் அளப்பதா, அரைத்தபின் அளப்பதா என்று குறிப்பில் தெளிவாக இல்லையென்றால் நறுக்கிய அளவு என்றே வைத்துக்கொண்டு 147 கிராமை எடையாகப் போட்டுவிடுங்கள். அத்திப்பழம் கயிற்றில் கோத்து வரும். ஒரு பழம் 8 கிராம் அளவில் இருக்கும், காம்பு நுனியைக் கிள்ளிவிட்டு நிறுக்க வேண்டும்.

பழைய கேக் நோட்டு

பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் கேக் நோட்டு என்று ஒன்று இருக்கும். மஞ்சளடித்த தாள், ஓரத்தில் வெண்ணெய்க் கறை. ஆளுக்கொரு கையெழுத்தில், "வெண்ணெய் 1 ராத்தல், சீனி 1 ராத்தல், கிஸ்மிஸ் ½ ராத்தல், பால் 4 அவுன்ஸ்" என்று போகும். இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் வந்தது 1956-ல். 1958 முதல் படிப்படியாக கிலோவும் கிராமும் கடைக்கு வந்தன. ஆனால் அதற்குப் பிறகு எழுதிய நோட்டுகளிலும் ராத்தல் போகவில்லை. அம்மா சொன்னதை மகள் அப்படியே எழுதிக்கொண்டாள்.

ராத்தல் 454 கிராம். அரை ராத்தல் 227, கால் ராத்தல் 113. அவுன்ஸ் 28 கிராம். 16 அவுன்ஸ் ஒரு ராத்தல். கிஸ்மிஸ் ஓர் அவுன்ஸ் என்றால் மூன்று மேசைக்கரண்டி, இது மனத்தில் நிற்கும். அரை ராத்தல் கிஸ்மிஸை 240 மில்லி கப்பில் அளந்தால் ஒன்றரைக் கப்பும் மேலே ஒரு மேசைக்கரண்டியும். ஒரு ராத்தல் மூன்று கப்புக்குக் கொஞ்சம் கூட. கடையில் 227 கிராம் கேட்டால் அண்ணாச்சி ஒரு மாதிரி பார்ப்பார். கால் கிலோ வாங்கி வந்து இரண்டரை மேசைக்கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாம்.

அந்த நோட்டில் ஒரு கண்ணி உண்டு. கிஸ்மிஸுக்குப் போட்ட அவுன்ஸ் எடை. பாலுக்கும் பழரசத்துக்கும் போட்ட அவுன்ஸ் திரவ அளவு, ஏறக்குறைய 28 மில்லி. பாலில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் தவறு தெரியாது. ஆனால் பால் அளக்கும் அவுன்ஸ் கிளாஸிலேயே கிஸ்மிஸையும் அளந்தால் 28 கிராமுக்குப் பதில் 17 கிராம்தான் விழும். கேக்கில் பழம் குறைந்துபோய், "ஆச்சி கைக்கு வந்த மாதிரி வரலையே" என்று தலையைச் சொறிய வேண்டியிருக்கும்.

இன்னும் பழைய நோட்டுகளில், முக்கியமாக இனிப்புப் பலகாரக் குறிப்புகளில், பலம் என்று இருந்தால் 35 கிராம் என்று போடுங்கள். 40 பலம் ஒரு வீசை, 1.4 கிலோ. கருப்பட்டிக்கு மட்டும் இந்த அளவு எதுவும் ஒத்துவராது. உடன்குடிக் கருப்பட்டியை இன்றைக்கும் வட்டுக் கணக்கில்தான் எழுதுவார்கள், வட்டோ பெரிது சிறிதாக வரும். நிறுத்துத்தான் போட வேண்டும்.

ஊறவைத்தால்

கேக்குக்குப் பழத்தைத் திராட்சைச் சாற்றிலோ ரம்மிலோ ஊறப்போடுவார்கள். ஆரஞ்சுச் சாற்றில் ஒரே ராத்திரி ஊறவைக்கிற வீடுகளும் உண்டு. எதுவானாலும் ஊறப்போடும் முன்னால் அளந்துவிடுங்கள். ஊறிய பழம் உப்பி நிற்கும். அதைக் கப்பில் அளந்தால் எவ்வளவு பழம், எவ்வளவு சாறு என்று யாராலும் சொல்ல முடியாது. ஏற்கெனவே ஊறவைத்த ஜாடியிலிருந்து பாதியை எடுக்க வேண்டுமென்றால் கப்பை விட்டுவிட்டு மொத்த ஜாடிப் பழத்தையும் வடித்து நிறுத்து, அந்த எடையில் பாதியை எடுங்கள். காய்ந்த பழம் 600 கிராம் போட்டிருந்தால், இப்போது எடுத்தது காய்ந்த கணக்கில் 300. இதற்காகத்தான் ஜாடி மூடியில் ஒரு துண்டுத் தாள் ஒட்டி, என்ன என்ன பழம் எத்தனை கிராம் போட்டீர்கள் என்று எழுதிவைக்கச் சொல்வது. தேதியும் போட்டுவிடுங்கள்.

நெல்லை வெயிலைப் பார்த்துவிட்டு மாடியில் திராட்சையை நாமே காயவைத்தால் என்ன என்று தோன்றும். நாலு கிலோ பச்சைத் திராட்சைக்கு ஒரு கிலோ கிஸ்மிஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், சில சமயம் அதுவும் வராது. தூசு, எறும்பு, காக்கை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அண்ணாச்சி கடையே மலிவு.

எங்கே அளக்க வேண்டாம்

பாயசம், கல்கண்டுச் சாதம், பிரியாணியில் மேலே தூவும் கிஸ்மிஸ், கேசரி. இங்கெல்லாம் கை அளவே போதும். பத்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். தராசைத் தூக்கிக்கொண்டு பாயசத்துக்கு வந்தால் மாமியாரோ மதினியோ சிரிப்பார்கள், சிரிக்கட்டும், ஆனால் அவர்கள் பக்கம்தான் நியாயம்.

அளந்தே ஆக வேண்டியவை கேக், பன், பிஸ்கெட், பேரீச்சை அல்வா, உலர்பழ லட்டு. அல்வாவில் பேரீச்சை கூடினால் இனிப்பும் சேர்ந்தே கூடும், அதற்குத் தக்கபடி சீனியைக் குறைக்காவிட்டால் திகட்டிவிடும். லட்டில் பேரீச்சைதான் பிடிப்பைத் தருகிறது; அது குறைந்தால் உருண்டை நிற்காது.

அளவைப் பெருக்கும்போதும் கப்பைக் கைவிடுங்கள். ஒரு கேக்குக்கு ஒன்றரைக் கப் என்பது சரி. உறவினருக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுக்க எட்டுக் கேக் போடும்போது பன்னிரண்டு கப் அளந்தால், ஒவ்வொரு கப்பிலும் விழும் ஐந்து பத்து கிராம் பிழை சேர்ந்துகொண்டே போகும். நடுவில் யாராவது கூப்பிட்டால் எத்தனையாவது கப் என்பதும் மறந்துபோகும். ஒன்றரைக் கப்பை முதலில் கிராமாக்குங்கள்: 145-ஐ ஒன்றரையால் பெருக்க 217, வசதிக்கு 220. எட்டுக் கேக்குக்கு 1,760 கிராம். கடையிலேயே 220 கிராமாக நிறுத்து எட்டுப் பொட்டலமாகக் கட்டச் சொல்லிவிட்டால், அடுப்படியில் ஒரு கேக்குக்கு ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டுவது மட்டும்தான் வேலை. கூட்டமில்லாத காலை நேரமாகப் பார்த்துப் போங்கள். சாயங்காலம் எட்டுப் பொட்டலம் கேட்டால் அண்ணாச்சி பின்னால் நிற்கிறவர்களைத்தான் முதலில் அனுப்புவார்.